ரொட்டியில் இருந்தும் உடம்பில் சேராத துத்தநாகம்

1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரத்து மருத்துவமனைக்கு ஒரு நோயாளி வந்தார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். பருவம் வந்ததற்கான அடையாளம் உடம்பில் ஒன்றுகூட இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன; சோகையில் முகம் வெளுத்திருந்தது. சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத முழுக்கோதுமை ரொட்டி. இறைச்சி கண்ணில் படுவதே அரிது. போதாததற்குத் தினமும் களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது.

அவரைப் பரிசோதித்தவர், பீகாரின் பக்சரில் பிறந்து அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்திருந்த ஆனந்த பிரசாத். இதே கோலத்தில் இன்னும் பலர் அடுத்தடுத்து வந்தார்கள். சோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்று சொல்லிவிடலாம். வளர்ச்சி நின்று போனதற்கு? துத்தநாகம் இல்லாத தீனி போட்டால் கால்நடைகளின் வளர்ச்சி நின்றுவிடும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. மனிதனுக்கும் அதே கதைதானோ என்று பிரசாத் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்துக்குப் போய், கெய்ரோவைச் சுற்றிய கிராமங்களில் இதே போல வளராமல் நின்ற இளைஞர்களைச் சோதித்தார். ரத்தத்திலும் முடியிலும் துத்தநாகம் குறைந்திருந்தது. துத்தநாக மருந்து கொடுத்ததும் ஒரே ஆண்டில் 12 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தார்கள். இவ்வளவு கண்கூடாகத் தெரிந்தும், துத்தநாகம் மனிதனுக்கு இன்றியமையாத சத்து என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் ஒப்புக்கொண்டது 1974-இல்தான்.

நம் உடம்பில் உள்ள மொத்தத் துத்தநாகம் சுமார் 2 கிராம். அதை வைத்துக்கொண்டுதான் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்கின்றன. செல் பிரிவதற்கும், புண் ஆறுவதற்கும், நாக்கு ருசி அறிவதற்கும், கிருமியை எதிர்ப்பதற்கும் அது வேண்டும். இரும்பைப் போலத் தனியாகச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அன்றாடம் சாப்பாட்டில் வந்தாக வேண்டும்.

வியப்பு என்னவென்றால், அந்த ஷிராஸ் ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. கோதுமையின் தவிட்டிலும் முளையிலும் அது நன்றாகவே இருக்கிறது. கூடவே ஃபைட்டேட் என்ற பொருளும் இருக்கிறது. தானியம் தன் பாஸ்பரஸைச் சேர்த்து வைக்கும் வடிவம் அது. குடலுக்குள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு கரையாத உப்பாக்கி வெளியே தள்ளிவிடும். தீட்டாத தானியத்தைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மாவைப் புளிக்க வைத்தால் ஃபைட்டேட் சிதைந்து குறைகிறது. பயறை முளை கட்டினாலும் அப்படியே. பொங்கி வரும் இட்லி மாவுக்குள் இரவெல்லாம் இந்த வேலையும் நடக்கிறது.

ஆகவே ஏழை நாடுகளின் பிரதான உணவில் துத்தநாகம் சேர்ப்பதென்றால், எவ்வளவு போடுகிறோம் என்பது பாதிக் கேள்விதான். போட்டதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பது மீதி.

எளிய வழி ஆலையிலேயே சேர்ப்பது. துத்தநாக ஆக்சைடு மலிவு. ருசியும் நிறமும் மாறாது. மைதாவில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகம் ஏற்ற, ஒரு டன்னுக்கு 40 கிராம் ஆக்சைடுகூடத் தேவையில்லை. முழுக்கோதுமை மாவென்றால் ஃபைட்டேட்டை ஈடுகட்ட இன்னும் அதிகம் வேண்டும். இந்தோனேசியா கோதுமை மாவிலும் தென்னாப்பிரிக்கா மக்காச்சோள மாவிலும் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் தன் வயலில் விளைந்ததை ஊர் மில்லில் அரைத்துத் தின்கிறவர் வீட்டுக்கு இந்த மாவு போய்ச் சேராது. அரிசியில் தூளைக் கலந்தாலோ கழுநீரோடு போய்விடும். சத்தை உள்ளே வைத்துச் செய்த மணிகளைத்தான் கலக்க வேண்டும். நம் ரேஷன் கடைச் செறிவூட்டப்பட்ட அரிசி அப்படி வருவதுதான். அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும்தான் கட்டாயம். துத்தநாகம் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

வங்கதேசம் விதையிலேயே கைவைத்தது. 2013-இல் அது வெளியிட்ட பிரி தான் 62, துத்தநாகம் கூடிய உலகின் முதல் நெல் ரகம். சுமார் 100 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இது சின்ன விஷயமில்லை. துத்தநாகம் கண்ணுக்குத் தெரியாது, சோற்றில் மணக்காது. குறுகிய காலத்தில் விளைந்தால்தான் விவசாயி விதை கேட்டு வருவார். மண் வழியும் உண்டு. துருக்கியின் மத்திய அனதோலியாவில் சுண்ணாம்பு மண்ணில் கோதுமை சோர்ந்து நின்றது. விஞ்ஞானி இஸ்மாயில் சக்மக்கும் அவருடைய குழுவும் 1990-களில் துத்தநாக உரம் இட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் எகிறியது, மணியிலும் சத்து கூடியது. நம்மூர் நெல் விவசாயிகள் நடவுக்கு முன் சிங்க் சல்பேட் போடுவதும் மண்ணில் உள்ள துத்தநாகக் குறைக்காகத்தான்.

பலன் கிடைத்ததா? வங்கதேசத்தில் சிறு குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் அந்த வகை அரிசியைக் கொடுத்தும் ரத்தத் துத்தநாகம் உயரவில்லை. டெல்லியில் துத்தநாகம் மிகுந்த கோதுமை மாவை ஆறு மாதம் கொடுத்தபோதும் ரத்த அளவு அசையவில்லை. ஆனால் குழந்தைகள் நிமோனியாவில் படுத்த நாட்கள் 17 சதவீதம் குறைந்தன. ரத்த நீரில் இருப்பது உடம்பின் துத்தநாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, கல்லாவில் கிடக்கும் சில்லறையை எண்ணிக் கடையின் சொத்தை மதிப்பிடுவது போல. அதற்காக இந்த அரிசியையும் கோதுமையையும் அதிசய மருந்தாக விளம்பரம் செய்வதும் நியாயமில்லை. ஆலை, விதை, உரம் மூன்றும் சேர்ந்தால் நிதானமாகப் பலன் வரலாம். அவற்றில் எதுவும் தனியாகப் போதாது என்பதே என் கணிப்பு.

இன்றைக்கே வயிற்றுப்போக்கில் சோர்ந்து கிடக்கும் குழந்தை அதுவரை காத்திருக்க முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லேயே அறிவித்துவிட்டன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது 14 நாள் மாத்திரையாகக் கிடைக்கிறது. மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டாலும், மீதி மாத்திரைகளைத் தூக்கிப் போடாமல் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.