சம்பளம் கூடியது, இ.எஸ்.ஐ. போனது

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை, பத்து வயது மகனைத் தனியாக வளர்க்கிறார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய். அதில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது முக்கால் சதவீதம், அதாவது சுமார் 158 ரூபாய். அந்தப் பணத்துக்குத் தாய்க்கும் மகனுக்கும் சிகிச்சை உண்டு, மருந்து உண்டு. அவர் நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு சம்பளம் 22,000 ஆகிறது.

இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தாண்டியவருக்கு, நடப்பு ஆறுமாதச் சந்தாக் காலம் முடிந்ததும் பிடித்தம் நின்றுவிடும். சில மாதங்களில் சலுகையும் நிற்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம் என்றால், அங்கே ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கம்பெனியும் குழுக் காப்பீடு எடுக்காவிட்டால், மிஞ்சுவது தனியார் பாலிசிதான்.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 21,000 வாங்கும் வீட்டில் மாதம் 42,000 வருகிறது; அந்தக் குடும்பம் இ.எஸ்.ஐ.யில் நீடிக்கிறது. ஒற்றைச் சம்பளமாக 22,000 வாங்குபவர் வெளியே நிற்கிறார். வரம்பு தனிநபர் சம்பளத்தைப் பார்க்கிறதே தவிர, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

தனியார் பாலிசியின் பிரீமியம் ஆண்டுக்கு 12,000 என்று வைத்தால் மாதம் ஆயிரம். கூடிய சம்பளம் அப்படியே அதற்குப் போய்விடும். முன்பு இதே பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யோடு 14,160 கட்ட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 18 சதவீத வரி இல்லை என்பது ஓரளவு ஆறுதல். ஏஜென்டுகள் ஆசைகாட்டும் 80டி வரிச்சலுகையால் இவருக்குப் பயனில்லை. வருமான வரியே வராத சம்பளத்தில் எதைக் கழிப்பது?

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடப்படுகிறது. மகனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் அதே பாலிசியில் சேர்த்தால், மொத்தப் பிரீமியமும் பாட்டியின் வயதுக்கு ஏறிவிடும். தாய்க்கும் மகனுக்கும் ஒன்று, பாட்டிக்குத் தனியாக ஒன்று என்று விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

குறைந்த பிரீமியத்தில் அறை வாடகை வரம்பு ஒளிந்திருக்கலாம். மூன்று லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. ஆறாயிரம் ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை வெட்டிவிட வாய்ப்புண்டு. பழைய நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கவும் நேரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும்.

நாமினியாக மகனைப் போட்டால், அவனுக்கு 18 வயது ஆகும்வரை பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவரை அப்பாயின்டியாகக் குறிப்பிட வேண்டும். அக்காவோ தம்பியோ, அவரிடம் பாலிசி நகலும் கேஷ்லெஸ் அட்டையின் படமும் இருக்கட்டும், தாய் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது கவுன்டரில் போய் நிற்கப்போவது அவர்தான்.