வெயில் காயப் போகும் மைதானம்

ஆட்டம் முடிந்து அறுபதாயிரம் பேர் வீடு திரும்பிய பிறகு, இந்த அரங்கில் மைதானமும் வெளியே கிளம்பும். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில், கெல்சன்கிர்ஷன் நகரில், ஷால்க்கே 04 கால்பந்துக் கழகத்துக்காக 2001-ல் திறக்கப்பட்ட அரங்கம் அது. இன்றைய பெயர் ஃபெல்டின்ஸ் அரேனா.

நாற்புறமும் உயர்ந்த கேலரிகள். மேலே திறந்து மூடும் கூரை. மழையோ பனியோ ரசிகர்களைத் தொடாது. ஆனால் புல்லுக்கு அதுவே ஆபத்து. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் போதாவிட்டால் புல் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிக்க முடியாது, வேர் மெலியும். காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வேர் பிடிப்பில்லாத தரையில் ஒரு வீரர் சட்டென்று திரும்பினால் புல்பத்தை அப்படியே பெயர்ந்துவிடும். பல அரங்குகளில் இதற்குப் பெரிய விளக்குகளைப் புல்லின் மேல் நிறுத்தி எரியவிடுகிறார்கள். மின்சாரம் ஏராளமாகச் செலவாகும்.

கெல்சன்கிர்ஷன் பொறியாளர்கள் மைதானம் முழுவதையும் ஒரு பிரம்மாண்டமான தொட்டியில் வளர்த்தார்கள். மண்ணும் புல்லுமாக எடை சுமார் 11,000 டன். பத்து டன் லாரிகள் ஆயிரத்து நூறு சுமக்கும் பாரம். ஹைட்ராலிக் விசையால் அது தெற்குக் கேலரியின் அடியில் மெல்ல நகர்ந்து திறந்தவெளிக்கு வருகிறது. ஒருமுறை போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகும். அடுத்த ஆட்டம் வரை வெயிலும் மழையும் காற்றும் இலவசம். விளக்கு எரிப்பதைவிட இதுவே அறிவார்ந்த வழி என்பேன்.

உள்ளே மிஞ்சும் வெறும் தரையும் வீணாவதில்லை. இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 2010 மே மாதம் அங்கே பனித்தளம் அமைத்து, உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியின் தொடக்க ஆட்டத்தை நடத்தினார்கள். பார்த்தவர்கள் 77,803 பேர்.

மைதானம் இப்படி நகர்வது எந்த ஊரில் என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. கெல்சன்கிர்ஷன் நிலக்கரியால் வளர்ந்த ஊர். ஆலைகளின் தீச்சுடர்களைக் கண்டு ‘ஆயிரம் நெருப்புகளின் நகரம்’ என்றே அதை அழைத்தார்கள். நிலக்கரி என்பது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடுகள் பிடித்துவைத்த வெயில். அந்தப் பழைய வெயிலை வெட்டியெடுத்துப் பிழைத்த ஊர், இன்று புதிய வெயிலுக்காக ஒரு மைதானத்தையே நகர்த்துகிறது.

அருகிலுள்ள பாட்ராப் நகரில், ஜெர்மனியின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஷால்க்கே அரங்கில் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டு இன்னும் ஒலிக்கிறது.