பத்மாசனமும் பாதிரியாரும்

முதுகுவலிக்கு யோகா செய்தால் விசுவாசத்துக்கு ஊறு வருமா? ஆண்டாப் ஹில் கிறிஸ்தவர்களின் கேள்விக்குப் பக்கத்து பாந்த்ராவிலேயே ஒரு பதில் இருக்கிறது.

மும்பை ஆண்டாப் ஹில்லின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புக்கும் அதைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிகளுக்கும் பொதுவான விஷயங்கள் குறைவு. தமிழ் ஒன்று. முதுகுவலி இன்னொன்று. மின்சார ரயிலில் நின்றபடியே போய்வரும் எழுத்தரிடமும் மூட்டை தூக்கும் தொழிலாளியிடமும் டாக்டர், "யோகா செய்து பாருங்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் நோயாளி கிறிஸ்தவராக இருந்தால் இன்னொருவரின் அனுமதியும் தேவைப்படுகிறது. போதகர் என்ன சொல்வார்?

2015 ஜூன் 21ல் கொண்டாடப்பட்ட முதல் சர்வதேச யோகா தினம் இந்தச் சங்கடத்தை அரசு அலுவலகம் வரை கொண்டுவந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நாளில் ஆசனமா என்று கேரளத்திலும் வடகிழக்கிலும் ஆட்சேபக் குரல்கள் எழுந்தன. முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததால் சூரிய நமஸ்காரம் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டே மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. உடற்பயிற்சியாகச் செய்வது வேறு, கட்டாயத்தின் பேரில் சூரியனைக் கும்பிடுவது வேறு. இந்த வித்தியாசம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும்.

தாராவியைத் தாண்டினால் பாந்த்ரா. அங்கே மவுண்ட் கார்மல் சர்ச்சில் 1981ல் கத்தோலிக்கப் பாதிரியார் ஜோசப் பெரைரா 'கிருபா' அமைப்பைத் தொடங்கினார். குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களை மீட்பது அதன் வேலை, யோகா அதன் கருவிகளில் ஒன்று. கை நடுங்குகிறவரை, தூக்கம் தொலைத்தவரை எப்படி ஆசனத்தில் நிறுத்துவது? பெரைராவின் குரு பி.கே.எஸ். ஐயங்கார் அதற்கு வழி கண்டிருந்தார். கயிறு, பெல்ட், மரக்கட்டை, திண்டு இவற்றின் துணையோடு பலவீனமான உடம்பையும் சரியான நிலையில் நிறுத்துவது அவரது முறை. வைணவ ஆசாரம் வழுவாத குருவிடம் பயின்ற சீடர் சர்ச்சை விட்டு வெளியேறவில்லை. 2009ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. யோகா கூடாது என்று பிரசங்கிப்பவர்கள் இந்த மறுவாழ்வுப் பணிக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாடிகன் என்ன சொல்கிறது? பலர் நினைப்பதுபோல அது தடை எதுவும் போடவில்லை. பின்னாளில் போப்பாண்டவரான கார்டினல் ராட்சிங்கர் 1989 அக்டோபரில் வெளியிட்ட கடிதம், கீழை நாட்டுத் தியான முறைகளைக் கிறிஸ்தவம் அல்ல என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை என்கிறது. அதன் எச்சரிக்கை வேறு இடத்தில் இருக்கிறது: சில உடற்பயிற்சிகள் தரும் அமைதியைப் பரிசுத்த ஆவி தந்த ஆறுதலாக எண்ணிவிடக் கூடாது. கேரளத்தின் சீரோ மலபார் சபை இன்னும் கறாரானது. அதன் கோட்பாட்டுக் குழு 2018ல், யோகாவும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒத்துப்போகாது என்றது. அந்தக் கண்டிப்பில் இறையியலோடு அரசியல் கவலையும் கலந்திருந்தது. புராட்டஸ்டண்ட், பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வாடிகன் போல ஒரே தலைமை கிடையாது. தெருவுக்குத் தெரு தீர்ப்பு மாறலாம்.

வேடிக்கை என்னவென்றால், கண்டிப்பான போதகர்களும் தீவிர இந்து அமைப்புகளும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. 2010ல் அமெரிக்க பாப்டிஸ்ட் தலைவர் ஆல்பர்ட் மோலர், யோகா கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்றார். அதே காலத்தில் இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன், யோகாவை அதன் இந்து வேரிலிருந்து பிரிக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தது. திருமூலரைக் கேட்டாலும் இந்த இருவர் பக்கம்தான் சாய்வார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகம் போய்ச் சேருமிடம் சிவம்தானே தவிர இடுப்பு வலி நிவாரணம் அல்ல.

ஆனால் இன்று வகுப்புகளில் கற்றுத் தரப்படுவது அந்த யோகம்தானா? சுமார் 200 சூத்திரங்கள் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே மூன்று. வரிசையாக ஆசனங்களைச் செய்யும் வகுப்பு பெருமளவு 20ஆம் நூற்றாண்டின் படைப்பு. ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் ஒய்.எம்.சி.ஏ. பரப்பிய உடற்கல்விக்கும் அதில் பங்குண்டு என்று 2010ல் வாதிட்டார் ஆய்வாளர் மார்க் சிங்கிள்டன். இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. சென்னையில் 1920ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் அந்தக் கிறிஸ்தவ இயக்கத்துடையதுதான்.

கலிபோர்னியாவின் என்சினிடாஸில் சில பெற்றோர், பள்ளியில் யோகா கற்பிப்பது மதப் போதனை என்று வழக்குப் போட்டார்கள். 2013ல் தோற்றார்கள். 2015ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அதற்குள் பள்ளி நிர்வாகம் சமஸ்கிருதப் பெயர்களை எடுத்துவிட்டிருந்தது. பத்மாசனத்துக்கு, சம்மணமிடும் குழந்தைகளுக்கு அங்கே சொல்லித்தரும் ஆப்பிள் கூழ்ப் பெயர்.

ஆண்டாப் ஹில் முதுகுவலிக்காரர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, மார்பை மட்டும் உயர்த்தச் சொல்வது பிசியோதெரபியில் சாதாரணம். புஜங்காசனத்துக்கு அது கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. அதைச் செய்யலாமா என்று போதகரிடம் யாரும் கேட்பதில்லை.