தை பிறந்த பிறகு கத்தரியை எடுங்கள்

மார்கழி பாதி கடந்ததும் ஆழ்வார்பேட்டையில் எந்த மொட்டைமாடிக்குப் போனாலும் இதே புலம்பல்தான். செம்பருத்தி இலை மஞ்சளாகி உதிர்கிறது, மொட்டு விரியாமலே விழுகிறது, “பனி தாங்கலை” என்கிறார்கள். சொன்ன கையோடு கத்தரியை எடுத்துச் செடியை மொட்டையடித்தும் விடுகிறார்கள். அப்படி வெட்டுப்பட்ட செடிகளில் சில மறுபடி துளிர்ப்பதே இல்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்குமே என்று எனக்கு ஆறுவதில்லை.

முதலில் பனியின் மேல் பழி போடலாமா என்று பார்ப்போம். சென்னையில் ஜனவரி இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செம்பருத்தி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். 0 டிகிரிக்குக் கீழே போனால் இலையிலும் தண்டிலும் உள்ள நீர் உறைந்து, திசு கிழிந்து, எல்லாம் கருகிப்போகும். நம்மூர்ப் பனிக்கு அவ்வளவு வலு கிடையாது.

செடியை வாட்டுவது பனிக்கு முன்னால் வந்துபோன மழை. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி முதல் தொட்டி மண் காயவே நேரமில்லை. வேருக்குக் காற்று வேண்டும். நீரில் ஊறிய மண்ணில் அது கிடைக்காது. மார்கழியில் வெயிலும் குறைவு, இரவும் குளிர்ச்சி. அதனால் செடி கொஞ்சமாகத்தான் நீர் குடிக்கும். நாமோ வைகாசியில் ஊற்றிய அளவையே ஊற்றிக்கொண்டிருப்போம். போதாததற்குச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் காலம் அது. வடக்குப் பார்த்த பால்கனியில் வெயில் எட்டியே பார்க்காது. பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தால் தெற்குப் பால்கனியிலும் நிழல்தான்.

அதனால் கத்தரிக்கு முன் விரலை எடுங்கள். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையில் ஒரு குச்சியை விட்டு அடைப்பை எடுங்கள். மண்ணில் புளித்த வாடை அடித்தால் செடியை மெல்ல எடுத்து வேரைப் பார்க்கத்தான் வேண்டும். வெளுத்து உறுதியாக இருந்தால் நல்ல வேர். கறுத்துக் குழைந்திருந்தால் அழுகல். அழுகியதை மட்டும் நறுக்கிவிட்டு, செம்மண்ணோடு மணல் கலந்து மாற்றி நடுங்கள். தேங்காய் நார்க்கழிவை மழைக்காலத்துக்கு முன் அதிகம் சேர்க்காதீர்கள். அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மஞ்சளிலும் வகை உண்டு. அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளாகி விழுந்தால் பெரும்பாலும் ஈரக்கோளாறு. நுனியில் உள்ள இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புச் சாரமுள்ள போர்வெல் தண்ணீரையே ஊற்றும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு வெட்டுவது மருந்தாகாது.

நிஜமான குளிர்ச்சேதம் எப்படி இருக்கும் என்பதற்கு நீலகிரிக்குப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும்போது தேயிலை ஒரே இரவில் கருகும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடிப் பாதுகாப்பார்கள். இன்னும் கடுமையான உதாரணம் 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிர். ஹூஸ்டனில் மைனஸ் 10 டிகிரிவரை இறங்கியது. அங்கே நம்மவர்கள் ஏராளம். வீட்டு வாசலில் ஆசையாக வளர்த்த செம்பருத்திகள் ஒரு வாரத்தில் கறுத்துத் தொங்கின. அங்கும் அவசரப்பட்டு வெட்டுவதுதான் தவறு. கருகிய கிளை அடுத்த பனியிலிருந்து உட்கிளைக்குப் போர்வையாக இருக்கும். வெட்டினால் செடி துளிர்விடும். அந்தத் துளிரை அடுத்த பனி தின்றுவிடும். கடைசி உறைபனி கடந்தது உறுதியான பிறகே கைவைக்கலாம். மேலே எல்லாம் செத்திருந்தாலும் அடியிலிருந்து வைகாசிவாக்கில் துளிர் வந்த செடிகள் உண்டு. ஒட்டுச்செடியாக இருந்தால் மட்டும் கவனம்: ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரில் வேறு பூ பூக்கும்.

ஆழ்வார்பேட்டையோ ஹூஸ்டனோ, உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் வழி ஒன்றுதான். நகத்தால் தண்டின் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள். பச்சை தட்டும் இடம் வரைதான் வெட்டு.

நம்மூரில் கவாத்துக்கு ஏற்ற காலம் பொங்கல் கழிந்து மாசி முடியும் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். செம்பருத்தி புதுத்துளிரில்தான் பூக்கும் என்பதால் வெட்டத் தயங்க வேண்டாம். ஆனால் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள்; துளிர் வெளிநோக்கிப் போய் நடுவில் காற்று புகும். முதலில் காய்ந்தது, பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளைகள், கடைசியில்தான் உயரம்.

வெட்டியதும் உரம் போட்டுத் தேற்ற நினைப்பது இயல்பு. பொறுங்கள். இளைத்த வேரில் உரம் பட்டால் கருகும். துளிர் விரலளவு நீண்ட பிறகு மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு கைப்பிடி போதும். எலும்புத்தூளை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிகுந்தால் செம்பருத்திக்கு ஆகாது.

இளந்துளிரைத் தேடி மாவுப்பூச்சி வரும். எறும்பு ஏறுவதைக் கண்டால் கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். கடும் விஷம் வேண்டாம். 2008இல் கோவையில் தென்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் செம்பருத்தியையும் பாடாய்ப்படுத்திய பப்பாளி மாவுப்பூச்சியை ஒடுக்கியது மருந்து அல்ல. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி. நாம் அடிக்கும் விஷத்தில் முதலில் சாவது அந்த மாதிரி உயிர்தான்.

பூச்சி பிடித்த நுனிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நல்ல குச்சிகளை வீசாதீர்கள். பென்சில் பருமனில் நாலு கணு இருந்தால் இலைகளை எடுத்துவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றி வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர்பிடிக்கும். ஒன்றைக் கீழ்வீட்டு மாமிக்கும் கொடுக்கலாம். பூஜைக்குச் செம்பருத்தி தேடுகிறவர்கள் அவர்கள்.