தப்பித்தலின் பௌதிகம்

1

'ஈர்ப்பிலிருந்து விடுபடுதல்' என்பது நம் எழுத்தில் புழங்கித் தேய்ந்துபோன ஓர் உருவகம். மையத்தின் ஈர்ப்பு, மரபின் ஈர்ப்பு, சாதியின் ஈர்ப்பு என்றெல்லாம் எழுதுகிறோம். ஒரே எம்பலில் அதிலிருந்து வெளியே போய்விடுவதை விடுதலை என்கிறோம். இந்த உருவகத்துக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. மேலே எங்கோ ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோடு வரைக்கும் பூமியின் ஆட்சி. தாண்டிவிட்டால் எடையும் இல்லை, பிடியும் இல்லை.

அப்படி ஒரு கோடு கிடையாது. பௌதிகம் சொல்கிற கதை வேறு. உருவகத்தைக் கடன் வாங்குகிறவர்கள் அதன் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பூமி கெட்டுப்போனால் செவ்வாய்க்குக் குடிபோகலாம் என்று பெரும் பணக்காரர்கள் மேடைபோட்டுப் பேசுகிற காலம் இது. ஆகவே இதை வெறும் உருவகப் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது.

2

ஒரு கல்லை நேர் மேலே எறிவோம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடலாம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் ஏறத்தாழ 5 மீட்டர் போய்த் திரும்பும். வேகத்தை இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு, 20 மீட்டர். வினாடிக்கு 1 கி.மீ. என்றால் 50 கி.மீ.க்கு மேல் போகும். சரி, எவ்வளவு வேகமா எறிஞ்சாலும் கடைசியில திரும்பித்தானே வரணும்? கொஞ்சம் தாமதமா வரும், அவ்வளவுதானே?

பூமியின் இழுப்பு எல்லா உயரத்திலும் ஒரே அளவாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயம். தப்பித்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இழுப்பு தொலைவைப் பொறுத்துக் குறைகிறது. பூமியின் மையத்திலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. குறைந்துகொண்டே போகிறதே தவிர எங்கேயும் பூஜ்யம் ஆவதில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இது முடிவே இல்லாமல் வசூலிக்கப்படும் வரி. ஆனால் போகப் போக வேகமாகக் குறையும் வரி. ஒரு ரூபாயில் பாதி, பிறகு அந்தப் பாதியில் பாதி, அதிலும் பாதி என்று ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் மொத்தம் ஒரு ரூபாயைத் தாண்டாது இல்லையா? அதுபோல முடிவற்ற தொலைவுவரை பூமி வசூலிக்கப்போகிற மொத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பூமியின் தரையிலிருந்து கிளம்பும் ஒரு கிலோ பொருளுக்கு அது ஏறத்தாழ 6.25 கோடி ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் 17 யூனிட் சொச்சம்.

இந்த மொத்தத்தையும் முன்பணமாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பும் வேகம்தான் விடுபடு வேகம். பூமியின் தரையில் அது வினாடிக்கு 11.2 கி.மீ., அதாவது மணிக்கு 40,000 கி.மீ.க்குச் சற்று மேல். அந்த வேகத்தில் எறிந்த கல்லையும் பூமி விடாமல் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சந்திரன் இருக்கும் தொலைவுக்குப் போவதற்குள் அதன் வேகம் வினாடிக்கு 1.4 கி.மீ. ஆகியிருக்கும். மேலும் குறையும். ஆனால் நிற்காது. நின்றால்தானே திரும்புவதற்கு! ஆக விடுபடுதல் என்பது இழுப்பு இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்வதல்ல. இழுபட்டுக்கொண்டே, ஆனால் திரும்பி விழாமல் போய்க்கொண்டிருப்பது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று: இந்த வேகம் கிளம்புகிற பொருளின் நிறையைப் பொறுத்ததல்ல. கூழாங்கல்லுக்கும் யானைக்கும் அதே 11.2 தான். செலுத்தவேண்டிய கடனும் கையிலுள்ள ஆற்றலும் இரண்டுமே நிறைக்கு ஏற்றபடி கூடுவதால் கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறது. இரண்டு: திசையையும் பொறுத்ததல்ல. தரையில் மோதாதபடி சாய்வாக எறிந்தாலும் போதும். பாடப் புத்தகங்களில் 'விடுபடு திசைவேகம்' என்று எழுதிவந்தது இந்த வகையில் பொருந்தாத பெயர். மூன்று: எந்த இடத்தில் நின்று கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. சந்திரனில் 2.4 போதும். செவ்வாயில் 5. வியாழனில் ஏறத்தாழ 60. சூரியனின் மேற்பரப்பில் 618. இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போனால், ஒளியின் வேகமும் போதாத ஒரு நட்சத்திரம் இருக்கலாமே என்று இங்கிலாந்தின் ஜான் மிச்செல் 1783இலேயே கேட்டுவிட்டார். கருந்துளை என்று இன்று சொல்வதன் முதல் யோசனை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

3

விண்வெளி வீரர்கள் மிதப்பதைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் 'புவியீர்ப்பு இல்லாத இடம்' என்று சொல்கிறார்கள். தப்பு. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம். அவர்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். கூடவே நிலையமும் விழுகிறது. அதனால்தான் மிதப்பதுபோலத் தெரிகிறது.

நியூட்டன் இதற்கு ஒரு கற்பனை சொன்னார். அவர் இறந்த மறுவருஷம், 1728இல், அச்சான நூலில் அது இருக்கிறது. மிக உயரமான மலையுச்சியில் ஒரு பீரங்கி. குண்டைக் கிடையாகச் சுடுகிறோம். வேகம் கூடக்கூட அது தள்ளித்தள்ளி விழுகிறது. ஒரு கட்டத்தில், குண்டு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குப் பூமியின் தரையும் வளைந்து கீழே போகிறது. குண்டு விழுந்துகொண்டே பூமியைச் சுற்றிவருகிறது. அதற்கான வேகம் 7.9 கி.மீ. அதை ஏறத்தாழ 1.4 மடங்காக்கினால் 11.2.

ஆக, 'விண்வெளிக்குப் போவது' வேறு, 'பூமியை விட்டுப் போவது' வேறு. செயற்கைக்கோள்கள் எதுவும் தப்பிக்கவில்லை. இழுப்போடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கின்றன. அவ்வளவு ஏன், சந்திரனுக்குப் போன அப்பல்லோ பயணிகளும் விடுபடு வேகத்தை எட்டவில்லை. அதற்குச் சற்றுக் குறைந்த வேகத்திலேயே அனுப்பப்பட்டார்கள். சந்திரனே பூமியின் பிடியில்தானே இருக்கிறது!

4

11.2 என்பது ஒரே வீச்சில் எறியப்படும் கல்லுக்கான எண். அதற்குப் பிறகு யாரும் தள்ளிவிடப்போவதில்லை என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க முடியுமானால் மாட்டுவண்டி வேகத்திலும் பூமியை விட்டுப் போகலாம். விதி எதுவும் தடுக்கவில்லை. அப்புறம் ஏன் அப்படிப் போறதில்லே?

ராக்கெட்டுக்குக் காலூன்ற இடமில்லை. தன்னிடம் உள்ளதையே பின்னால் எறிந்துதான் அது முன்னே போக முடியும். மெதுவாகப் போனால், கீழே விழாமல் நிற்பதற்கே எரிபொருள் முழுவதும் தீர்ந்துவிடும். வேகமாகப் போக வேண்டுமென்றால் நிறைய எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமந்து போகவும் எரிபொருள் வேண்டும். அதையும் சுமக்க மேலும் வேண்டும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு இது. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியோல்கோவ்ஸ்கி இதை 1903இல் வெளியிட்டார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினில் வாயு வினாடிக்கு ஏறத்தாழ 4.5 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. அதை வைத்து 11.2 எட்ட, காற்றுத் தடை போன்ற நஷ்டங்களை விட்டுவிட்டாலும், கிளம்பும்போது உள்ள நிறை மிஞ்சும் நிறையைப்போல 12 மடங்கு இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் வகை எரிபொருள் என்றால் ஏறத்தாழ 30 மடங்கு. அந்த மிச்சத்திலும் காலித் தொட்டியும் எஞ்சினும் சேர்த்தி. அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பும்போது 2,900 டன். சந்திரனை நோக்கிப் போனது 45 டன் அளவே. அதில் மூன்று பேர்.

ஒரு கிலோவுக்கு 17 யூனிட் என்று பார்த்தோம். 60 கிலோ ஆளுக்கு ஆயிரம் யூனிட் சொச்சம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சில மாத மின்சாரம்! ஆற்றல் என்ற அளவில் விடுபடுதல் அவ்வளவு மலிவு. ஆனால் போகிற வழி ஒருவருக்கு ஆயிரம் டன் கேட்கிறது. 800 கோடிப் பேர் வாழும் பூமிக்குச் 'செவ்வாய்' ஒரு மாற்று என்று சொல்லும் சொல்லாடலை இந்த விகிதத்தின் முன்னால் நிறுத்திப் பார்க்கணும். அது எல்லோருக்குமான வெளியேற்றம் அல்ல என்பது சமன்பாட்டிலேயே எழுதியிருக்கிறது.

5

பலமற்றவர்கள் எப்படிப் போவது? மங்கள்யான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்துபோன பி.எஸ்.எல்.வி.க்கு அதை நேரடியாகச் செவ்வாய்ப் பாதைக்கு எறியும் திராணி கிடையாது. பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. பக்கத்து முனை 250 கி.மீ., தூரத்து முனை ஏறத்தாழ 23,500 கி.மீ. பிறகு கலத்திலிருந்த சின்ன எஞ்சின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தூரத்து முனையை 1.92 லட்சம் கி.மீ. வரை நீட்டியது. டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி 22 நிமிஷம் எரிந்தது. கூடிய வேகம் வினாடிக்கு 648 மீட்டர்தான். கலம் பூமியை விட்டுப் போனது.

எந்த இடத்தில் தள்ளினார்கள் என்பது முக்கியம். பூமியிலிருந்து தொலைவாக, பிடி தளர்ந்த இடத்தில் தள்ளுவதுதான் சுலபம் என்று தோன்றும். அவர்கள் தள்ளியதோ பூமிக்கு மிக அருகில் வரும்போது. இழுப்பு அங்கேதான் அதிகம். ஆனால் கலத்தின் வேகமும் அங்கேதான் அதிகம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. ஆகவே ஏற்கெனவே வேகமாகப் போகும் பொருளுக்கு அதே அளவு எரிபொருள் அதிக ஆற்றலைக் கூட்டும். விலகிப் போவதற்காகத் திரும்பத் திரும்ப நெருங்கி வரவேண்டியிருந்தது.

இன்னொன்று. நவம்பர் 11 அன்று தள்ளல் பாதியில் பிசகியது. 1 லட்சம் கி.மீ.யை எட்டவேண்டிய பாதை 78,000இல் நின்றது. ஒரே வீச்சாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். சுற்றுப்பாதையில் இருந்ததால் மறுநாள் மறுபடி தள்ளி 1.18 லட்சம் கி.மீ.க்குக் கொண்டுபோனார்கள்.

பூமியை விட்ட பிறகும் அது சூரியனின் பிடியில்தான் இருந்தது. பூமியின் தொலைவிலிருந்து சூரியனை விட்டுப் போக வினாடிக்கு 42 கி.மீ. வேண்டும். அதில் ஏறத்தாழ 30 கி.மீ.யைச் சூரியனைச் சுற்றும் பூமியே சும்மா தருகிறது. மிச்சம் சுலபமல்ல. 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் அந்த மிச்சத்தை வியாழனிடமிருந்து எடுத்துக்கொண்டன. அருகே போய்த் திரும்பும்போது அதன் ஓட்டத்தில் ஒரு துளியைப் பறித்துக்கொண்டன. வியாழன் அந்த அளவுக்கு, அளக்கவே முடியாத அளவுக்கு, மெதுவானது. யாரோ ஒருவர் கணக்கில் கழிக்காமல் இங்கே யாருக்கும் எதுவும் கூடுவதில்லை.

6

இந்தக் கடைசி வாக்கியத்தை ராக்கெட்டின் வரலாற்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 100 கி.மீ. உயரத்தைத் தாண்டிய முதல் மனிதப் படைப்பு, 1944 ஜூனில் நாஜி ஜெர்மனி சோதித்த வி-2 ராக்கெட். அந்த ராக்கெட்டுகளைச் சுரங்கங்களுக்குள் செய்தவர்கள் மிட்டல்பௌ-டோரா வதைமுகாமின் அடிமைக் கைதிகள். அங்கே அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். வி-2 தாக்கிக் கொன்றவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். அதை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுன்தான் பிறகு அமெரிக்காவில் சாட்டர்ன் 5ஐ உருவாக்கியவர்.

ஏவுதளங்களின் நிலவியலும் பௌதிகத்திலிருந்தே வருகிறது. பூமத்திய ரேகையில் பூமி வினாடிக்கு 0.46 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. அந்த வேகம் இலவசம். கழன்று விழும் பாகங்களுக்குத் திறந்த கடல் வேண்டும். ஆகவே பூமத்திய ரேகைக்குப் பக்கமாக ஒரு கடற்கரை தேவைப்படுகிறது. பிரெஞ்சு கயானாவின் கூரூவில் 1960களில் கடலோரக் குடியிருப்புகளைக் காலி செய்தார்கள். தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட் கிளம்பியது மீனவர்கள் விட்டுக்கொடுத்த ஊரிலிருந்து. துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. தெற்கே நேராகக் கடல் திறந்திருக்கும் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்குக் காரணம் அதுதான். காரணம் பௌதிகரீதியாகச் சரி. அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் சமன்பாட்டுக்குள் வராது. அதை நாம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

வாயேஜர் 1, 2012இல் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தது. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது; திரும்பாது. ஆனால் நாம் இருக்கும் இடத்திலிருந்து பால்வெளி மண்டலத்தை விட்டுப் போக 500 கி.மீ.க்கு மேல் வேண்டும். ஒரு பிடியைக் கடந்தால் அதைவிடப் பெரிய ஒரு பிடிக்குள் இருப்பது தெரியவருகிறது. 'விடுபட்டாச்சு' என்று யாராவது எழுதினால், எதிலிருந்து, எந்த இடத்தில் நின்றுகொண்டு, யாருடைய செலவில் என்று கேட்டுப் பார்க்கலாம். விடுபடு வேகத்தின் கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறது. செலவின் கணக்கில் அது போகிறதில்லை.