ஆம்புலன்ஸ் வரும்வரை: உயர்நிலை மாணவர்கள் கற்க வேண்டியவை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. சமையற்கூடத்தில் எழுந்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி வகுப்பறைகளைச் சூழ்ந்தது. அதன் பின்னர்த் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தீயணைப்புக் கருவிகள் சுவர்களில் பொருத்தப்பட்டன. கட்டடங்கள் முன்னைவிடப் பாதுகாப்பாயின என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஆபத்து நேரும் கணத்தில் அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அதே வேகத்தில் பரவவில்லை என்பது எங்கள் கருத்து.

பெருந்தீ எப்போதாவது நிகழ்வது. பள்ளியிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் பிள்ளைகளின் துன்பங்கள் பெரும்பாலும் வேறு வகையானவை: வலிப்பு, மூச்சுத்திணறல், இரத்தச் சர்க்கரை இறங்கிய மயக்கம், மைதானத்தில் பட்ட அடி, வெந்நீரும் ஆய்வக அமிலமும் தந்த புண், கிராமப்புறமாயின் பாம்புக்கடி. இவற்றை முதலில் காண்பவர் யார்? மருத்துவர் அல்லர், பல வேளைகளில் ஆசிரியர்கூட அல்லர், அவர் கரும்பலகையை நோக்கித் திரும்பியிருப்பார். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழனோ தோழியோதான் முதற்சாட்சி. ஆகவே ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் ஒவ்வொருவருக்கும் சில செயல்களைக் கைப்பழக்கமாக்கிவிட வேண்டும். சாரணர் இயக்கத்திலும் ஜூனியர் ரெட் கிராஸிலும் இப்பயிற்சி உண்டு. ஆனால் அது சீருடை அணிந்த சிலரோடு நின்றுவிடுகிறது.

வலிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் இதில்தான் தவறான பழக்கங்கள் மிகுதி. வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்து கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கியதும், யாரேனும் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார். இரும்பு எதுவும் வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கும். அதற்குள் கையில் சாவி வந்து சேர்ந்திருப்பதால் பெருமை சாவிக்குப் போய்விடுகிறது. மாணவர் செய்ய வேண்டியவை எளியவை. சுற்றியுள்ள மேசை, இருக்கைகளை நகர்த்த வேண்டும். தலைக்கடியில் புத்தகப்பையையோ மடித்த துணியையோ வைக்க வேண்டும். கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கலாகாது. இழுப்பு தணிந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் எச்சில் மூச்சுக்குழலுக்குள் போகாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வலிப்பு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். முதன்முறையாக வரும் வலிப்பாயின் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கும் மயக்கத்தைப் பலர் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணிவிடுகின்றனர். முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவி ஒருத்தி, உணவு இடைவேளைக்கு முந்தைய பாடவேளையில் வியர்த்து, கை நடுங்கி, காரணமின்றி எரிந்து விழுந்தால், அவளை முதலில் புரிந்துகொள்ளக் கூடியவள் அருகில் அமரும் தோழியே. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ குளுக்கோஸாகவோ கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாய்வழியே ஒரு சொட்டும் தரலாகாது. ஆஸ்துமா உள்ளவரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து அமரச் செய்து, அவருடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இன்ஹேலர் தலைமையாசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை; பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று அடிக்கடி விலக்கிப் பார்த்தால் நிற்காது. தீப்புண்ணைக் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் மையும் மருந்தல்ல. பாம்பு கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் வேண்டா. கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையாது வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி.

மூச்சும் பேச்சுமற்றுச் சரிந்தவரை எழுப்பிப் பார்த்தும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது கேவல் போல எப்போதாவது வருகிறது எனில், அது இதயம் நின்றதற்கான அடையாளம். அவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு அழுத்த வேண்டும். சி.பி.ஆர். என்று பலரும் அறிந்த முறை இதுவே. இதைப் படித்துக் கற்க இயலாது. பொம்மையின் மீது முட்டியிட்டு அழுத்திப் பழகினால்தான் கைக்கு வரும். பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இப்பயிற்சி அளிக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவு தெரிவித்தது. டென்மார்க்கில் 2005 முதலே பள்ளிகளில் இது சட்டப்படி கட்டாயம். ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்பது நம் பள்ளிகளில் ஒரு விழா ஒத்திகைக்குச் செலவாகும் நேரத்தைவிடக் குறைவு.

அறிவு மட்டும் போதாது, வேலையும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் நாற்பது பேரும் சூழ்ந்து நின்று காற்றை மறைப்பர். வகுப்புக்கு வகுப்பு முன்கூட்டியே முடிவு செய்யலாம்: இருவர் பாதிக்கப்பட்டவருடன் இருப்பது, ஒருவர் பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைப்பது, ஒருவர் அலுவலகத்துக்கு ஓடுவது. மாணவரிடம் கைப்பேசி இராது. ஆகவே அலுவலகத் தொலைபேசி எங்கே உள்ளது, பூட்டியிருந்தால் யாரைக் கேட்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். 108-இல் பேசுபவர் ஊரையும் அடையாள இடத்தையும் முதலில் சொல்ல வேண்டும். இன்னொருவர் வாயிலுக்குச் சென்று கதவைத் திறந்து வைத்து, வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். பூட்டிய வாயிலின் முன் ஆம்புலன்ஸ் காத்து நிற்கும் நிமிடங்களை எந்த மருத்துவமும் ஈடு செய்யாது.

பழகிய பிள்ளைகளால் என்ன இயலும் என்பதற்கு ஜப்பானின் கமைஷி நகரம் சான்று. 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்தவுடன், அங்கிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினர். அருகிலிருந்த தொடக்கப் பள்ளியின் சிறுவர்கள் தங்கள் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தவர்கள். இவர்களைக் கண்டு தாமும் இறங்கி உடன் ஓடினர். முதலில் குறித்திருந்த இடமும் பாதுகாப்பற்றது எனத் தோன்றியதும், பெரியவர்கள் சிறியவர்களின் கைபிடித்து மேலும் உயரத்துக்கு ஏறினர். பின்னர் அவ்விரு பள்ளிகளையும் ஆழிப்பேரலை மூழ்கடித்தது; ஓடிய பிள்ளைகள் பிழைத்தனர். இரு பள்ளிகளும் சேர்ந்து முன்பே பலமுறை ஒத்திகை பார்த்திருந்தன.

துணிவுக்கு எல்லை உண்டு என்பதும் பாடத்தின் பகுதியே. எரியும் அறைக்குள் திரும்பி நுழையக் கூடாது. புகை சூழ்ந்தால் தாழ்ந்து தவழ்ந்து வெளியேற வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். கல்விச் சுற்றுலாவில் நண்பன் ஆற்றில் தத்தளித்தால் குதிக்கக் கூடாது. துப்பட்டாவையோ கம்பையோ நீட்ட வேண்டும், மிதக்கும் எதையேனும் எறிய வேண்டும், உரக்கக் கூவ வேண்டும். ஒருவரைக் காக்க இறங்கி இருவரும் போன துயரத்தை நாம் அடிக்கடி செய்தித்தாளில் படிக்கிறோம்.

இனி, இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். உங்கள் பிள்ளைக்கு வலிப்போ நீரிழிவோ இருப்பது பள்ளிக்குத் தெரியுமா? பலர் சொல்வதில்லை, பெண் பிள்ளையாயின் நாளை வரன் பார்க்கும்போது பேச்சு வருமே என்ற அச்சம் வேறு. அந்த அச்சத்தை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. ஊர் வாய்க்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. ஆனால் மறைத்த நோய் வகுப்பறையில் வெளிப்படும்போது, சுற்றியிருக்கும் அனைவரும் ஒன்றுமறியாதவர்களாய் நிற்பர். வாயில் கரண்டி திணிக்கப்படுவதும், சர்க்கரை இறங்கிய பிள்ளை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுவதும் அப்போதுதான். ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பாசிரியரும் இரண்டு நெருங்கிய தோழர்களும் அறிந்தால் போதும். அந்த இருவர் யார் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பதினான்கு வயதில் அது அவர்களின் உரிமை.

உதவிய பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில வேளை உயிர் தங்குவதில்லை. அத்தகைய நாளுக்குப் பின் உறக்கமின்றித் தவிக்கும் மாணவரிடம், அவர் செய்தது சரியே என்று பெரியவர் ஒருவர் அருகமர்ந்து சொல்ல வேண்டும். தவிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, பள்ளிக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயர், வந்தால் எப்படித் தோன்றும், எந்த மருந்து, அது பையில் எங்கே உள்ளது, எப்போது 108-ஐ அழைப்பது, உங்கள் தொலைபேசி எண் ஆகியன ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்று படிகள் எடுத்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கு ஒன்று, பிள்ளையின் பைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.