உடலுக்கு வெளியே ஓடும் இரத்தம்

பெரியவர்களுக்கென வாங்கி வைத்த மாத்திரைகளைக் குழந்தை மிட்டாயென எண்ணி விழுங்கிவிடுவதுண்டு. மனமுடைந்த வாலிபர் அவற்றையே நாடும் துயரமும் உண்டு. இரத்தத்திலே கலந்துவிட்ட மருந்தை மீட்டெடுக்க இயலுமா? சில மருந்துகளை இயலும்.

இம்முயற்சி புதியதன்று. 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜான் ஏபெல் என்பாரும் அவர்தம் துணைவரும் விலங்குகளின் இரத்தத்தை மெல்லிய குழாய்களின் வழியே வெளியே ஓட்டி, உட்செலுத்திய சாலிசிலேட் மருந்து பிரிந்து வருவதைக் கண்டனர். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் நாடியது அட்டைகளின் சாற்றை! 1943-இல் ஹாலந்து நாட்டு டாக்டர் கோல்ஃப் மனிதருக்கேற்ற செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார்.

நுண்துளைச் சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் உப்புக் கரைசலும் ஓட, சிறிய மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து கரைசலிலே சேர்கின்றன. லித்தியம், ஆஸ்பிரின், பினோபார்பிட்டல் ஆகியவற்றை இவ்வாறு பிரிக்கலாம். இதய நோய்க்குரிய டிஜாக்சினோ இரத்தத்திலே சிறிதளவே தங்கித் திசுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. கிணற்றை இறைத்து ஊர் மண்ணின் ஈரத்தைப் போக்க முடியுமா? லித்தியமுங்கூட உயிரணுக்களிலிருந்து மீண்டும் இரத்தத்திற்கு ஊறி வருமாதலால், கருவியை நிறுத்திய பின்னரும் அளந்து பார்ப்பர். வேண்டுமாயின் மறுமுறையும் தொடங்குவர். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தே முதன்மையானது. கருவி அரிதாகவே வேண்டப்படும்.

சிறு குழந்தையிடம் இச்சிகிச்சை மிகவும் நுட்பமானது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 800 மில்லிலிட்டரே. அதிலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் கருவிக்குள் நின்றால் இரத்த அழுத்தம் வீழக்கூடும். ஆகவே சிறிய குழாய்களையும் வடிகட்டியையும் தேர்கின்றனர்; அதுவும் போதாதெனில், தானமாகப் பெற்ற இரத்தத்தால் கருவியை முன்னரே நிரப்பிவிடுகின்றனர். வெளியே சுற்றி வரும் இரத்தம் குளிர்ந்துவிடுமாதலால் குழந்தையின் உடற்சூட்டையும் காக்க வேண்டும்.

எம்மருந்து, எவ்வளவு, எந்நேரம் என்பவை தெரிந்தாலன்றி வைத்தியர் முடிவு செய்தல் கடினம். மொழி பழகாத ஊரிலே பதற்றத்தில் நமக்குச் சொல் வாராது. மாத்திரை அட்டையின்மேல் அச்சிட்ட பெயரோ எந்த மாநிலத்து வைத்தியருக்கும் புரியும். ஆதலின் வெற்று அட்டையாயினும் கையோடு கொண்டு செல்க. வீட்டிலே வாந்தியெடுக்க வைக்க முயல வேண்டா. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையம் இரவும் பகலும் தொலைபேசியில் விடையளிக்கிறது. வைத்தியர்களும் அதனைக் கலந்துகொள்வதுண்டு.